தலைகீழாக ஒரு இன்வெர்ட்டர்

மச்சானுக்குப் பாய்மரப் படகில் எலெக்ட்ரிக் கெட்டில் வேண்டும். காற்றில் ஓடுகிற படகில் 230 வோல்ட்டுக்கு ஆசைப்படலாமா என்று கேட்டால், "உங்களுக்கு காபி வேணுமா, வேணாமா?" என்பார். அதற்குமேல் எப்படி வாதாடுவது?

வீட்டில் 2000 வாட்ஸ் கெட்டில் 9 ஆம்பியர்கூட இழுக்காது. அதையே 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டினால், 12 வோல்ட்டை 230 ஆக்கித் தரும் இன்வெர்ட்டர் அடிக்கும் கமிஷனோடு சேர்த்து 180 ஆம்பியரைத் தாண்டும். ஆகவே கேபிள் 70 ஸ்கொயர் எம்எம். உப்புக்காற்று அரிக்காமலிருக்க வெள்ளீயம் பூசிய செம்பு. விலையைக் கேட்டு மச்சான் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். அது லேசில் வளையவும் வளையாது. இந்த முனையை அமுக்கினால் அந்த முனை எழும்பி வந்து முகத்தில் அறையும்.

படகை வடிவமைத்த புண்ணியவான், மனிதனுக்கு முழங்கை உண்டு என்பதையே மறந்து, படுக்கைக்கு அடியில் ஒரு பொந்தை பேட்டரிக்கு ஒதுக்கியிருந்தார். மச்சான் தலைகீழாக உள்ளே இறங்கினார். அன்று முழுக்க நான் பேசியது அவருடைய பாதங்களோடுதான்.

"மச்சான், 13 ஸ்பேனர்!" என்றன பாதங்கள்.

"இந்தாங்க."

"இது இல்ல, டேப் சுத்தினது!"

கோபம் நியாயமானதுதான். லித்தியம் பேட்டரியின் பிளஸ், மைனஸ் இரண்டையும் வெறும் ஸ்பேனர் தொட்டால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், ஸ்பேனர் அங்கேயே வெல்டாகிவிடும். கேபிள் எங்காவது உரசி ஷார்ட்டானால் காப்பாற்ற, பேட்டரிக்குப் பக்கத்திலேயே கிளாஸ் டி (Class T) ஃபியூஸ். டேப் சுற்றிய ஸ்பேனர் வெல்டாகவில்லை, படகின் அடிவயிற்றுப் பள்ளமான பில்ஜுக்குள் விழுந்தது. படகில் எது கைதவறினாலும் போய்ச் சேரும் இடம் அதுதான்.

பழைய லெட் ஆசிட் பேட்டரிகள் நான்கு, ஒவ்வொன்றும் 30 கிலோவுக்குப் பக்கம். அவற்றைத் தூக்கும்போது மட்டும் பாதங்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்த இடத்தில் எடை குறைந்த 200 ஆம்பியர்-ஹவர் லித்தியம் ஒன்றே ஒன்று உட்கார்ந்தது. கரையிலிருந்து தங்கை கேட்டாள்: "என்னண்ணா, படகு ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது?" நான் தண்ணீர் டேங்கைக் கை காட்டினேன். எதிர்ப்பக்கம் இருந்ததால் பழி அதன்மேல்.

சுவிட்சைப் போட்டதும் இன்வெர்ட்டர் ஃபேன் விமானம் கிளம்புவதுபோல் இரைந்தது. தண்ணீர் கொதித்தது. ஒரு லிட்டருக்குச் செலவு சுமார் 110 வாட்-ஹவர். பேட்டரிக்கு அது கொசுக்கடி. மச்சான் முகத்தில் வெற்றிக்களை.

அப்புறம்தான் மேனுவலைப் புரட்டினார். இன்வெர்ட்டர் சும்மா ஆன் ஆகியிருந்தாலே மணிக்கு 20 வாட்-ஹவர் தின்னுமாம். ராத்திரி பத்து மணி நேரம் விட்டால், கிட்டத்தட்ட இரண்டு கெட்டில் கொதிக்கிற மின்சாரம் காலி. வேலை முடிந்ததும் அணைத்துவிட வேண்டும். சுவிட்ச் எங்கே? இன்வெர்ட்டர்மேல். இன்வெர்ட்டர் எங்கே? பொந்துக்குள்.

"ரிமோட் சுவிட்ச் ஒண்ணு இருக்கு மச்சான், வாங்கி மேலே மாட்டிடலாம்."

"அதுக்கு ஒயர் எந்த வழியா வரும்?" என்றேன்.

பதில் வரவில்லை. சட்டையைக் கழற்ற ஆரம்பித்தார்.