கொடுத்தானா, கெடுத்தானா?

2025 ஜூலையில் ஒரு நாள், மூன்றாவது பீரியட். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து பாடம் வாசித்தான். நான்கு வரி, தடங்கலே இல்லை. பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். விரல் இரண்டாவது வரியில் இருக்கிறது, வாய் நான்காவது வரியில் போய்க்கொண்டிருக்கிறது. அவனுக்கு முன்னால் மூன்று பேர் அதே பத்தியை வாசித்திருந்தார்கள். அதைக் காதில் வாங்கி, மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

போளூர் பக்கம் ஓர் ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். வரிசையாக எழுப்பி ஒரே பத்தியை வாசிக்கச் சொல்வதுதான் பல வருடங்களாக என் வழக்கம். அது தப்பு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. வாசிக்கத் தெரிந்த பிள்ளை அதில் புதிதாக எதுவும் கற்பதில்லை. தெரியாத பிள்ளை, நாற்பது பேர் முன்னால் மாட்டிக்கொள்ளாமல் தப்பிக்கத்தான் கற்றுக்கொள்கிறது.

இந்த வகுப்பின் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது இவர்கள் ஒன்றாம் வகுப்பு. மறுபடி ஒன்று முதல் எட்டு வரை திறந்தது 2021 நவம்பர் 1-ல். அப்போது மூன்றாம் வகுப்பு. எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகும் காலம் முழுவதும் வீட்டில் கழிந்துவிட்டது. இவர்களை ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் எழுதும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. மெல்லக் கற்கவில்லை, கற்க வேண்டிய நேரத்தில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை.

அதனால் உட்கார ஆரம்பித்தேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் இருபது நிமிடம், வேப்பமரத்தடியில், ஒரு தடவைக்கு ஒரு பிள்ளை. அந்தப் பையனிடம் அவன் இதுவரை கேட்டிராத ஒரு பத்தியைக் கொடுத்தேன். ‘மாமா பணம் கொடுத்தான்’ என்று ஒரு வரி. ‘மாமா பணம் கெடுத்தான்’ என்று வாசித்தான். அடுத்து ‘பொட்டி’ வந்தது, ‘பெட்டி’ என்றான். ஒற்றைக்கொம்பைப் பார்த்ததுமே வாய் திறந்துவிடுகிறது, எழுத்துக்குப் பின்னால் இருக்கும் துணைக்கால் வரைக்கும் கண் போகவில்லை. தமிழில் ஒகர, ஓகார உயிர்மெய்க்குக் குறி இரண்டு பக்கமும் உட்காருகிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பிடித்துப் போகிறவனுக்கு அது பெரிய சிக்கல். 247 எழுத்தும் அவனுக்கு வராது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். உண்மையில் பிடிபடாதவை இரண்டே வரிசை. ஒரு வாரம் கெ-கொ, பெ-பொ, தெ-தொ என்று ஜோடி ஜோடியாகச் சீட்டு எழுதி, துணைக்காலை விரலால் மறைத்தும் திறந்தும் காட்டினேன். சரியாகிவிட்டது.

அப்புறம் நீளமான சொற்கள். ‘பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்று புத்தகத்தில் ஒரே மூச்சில் அச்சடித்திருக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட அங்கே நின்றுவிடும். பென்சிலால் கோடு போட்டுப் பிரிக்கச் சொல்கிறேன்: பார்த்துக் / கொண்டிருந்தவர்களுக்கு / எல்லாம். நானே பிரித்துக் கொடுத்தால் பழகாது, அவர்கள் கையால் கோடு விழ வேண்டும்.

வேகத்துக்கு எனக்குக் கைகொடுத்தது திரும்பத் திரும்ப வாசிப்பதுதான். சுமார் அறுபது சொல் உள்ள ஒரே பத்தி, வாரம் முழுவதும். முதல் நாள் நான் வாசிப்பேன், அவர்கள் விரல் வைத்துக் கேட்பார்கள். மறுநாள் இருவரும் சேர்ந்து. அதற்குப் பிறகு தனியாக. போனில் நேரம் பார்த்து அவரவர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்கிறோம். அந்தப் பையன் முதல் தடவை கிட்டத்தட்ட நான்கு நிமிடம் எடுத்தான், வெள்ளிக்கிழமை இரண்டு நிமிடத்துக்குள் முடித்தான். அடுத்தவனோடு ஒப்பிடவே மாட்டேன், போன தடவை அவனே எடுத்த நேரத்தோடு மட்டும்தான்.

இதற்கு நேர்மாறாக ஒரு பெண் இருக்கிறாள். கண்ணாடி மாதிரி வாசிப்பாள். ‘யாரு வந்தாங்க, எதுக்கு வந்தாங்க?’ என்று கேட்டால் மறுபடியும் முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்துவிடுவாள். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, ‘உங்க ஆயாகிட்ட எப்படிச் சொல்லுவியோ அப்படிச் சொல்லு’ என்றேன். வீட்டுப் பேச்சில் சொல்லலாம் என்றதும்தான் வாய் வந்தது. எழுத்துத் தமிழில் வாசித்ததைப் பேச்சுத் தமிழில் திருப்பிச் சொல்ல முடிந்தால், புரிந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். கேள்வி-பதில் எழுத வைப்பதைவிட இது நம்பகமானது.

எதை வாசிக்கக் கொடுப்பது? பாடப்புத்தகம் மட்டும் போதாது. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிக்கல்வித் துறையிலிருந்து வருகிற ‘தேன்சிட்டு’ இதழை நான் பீரோவில் பூட்டி வைப்பதில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் இருக்கின்றன. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ‘நுழை’யைக் கொடுத்தால் கூச்சப்படும். அதனால் ‘மூணாம் வகுப்புத் தம்பிக்கு நீ வாசிச்சுக் காட்டணும், அதுக்காகப் பழகு’ என்று சொல்லிவிட்டுக் கொடுக்கிறேன். கல்யாணப் பத்திரிகைகளும் உண்டு. சொந்தக்காரர் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடியே ஒரு முழுப் பத்திரிகையையும் வாசித்துவிடுகிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை அந்தப் பையன் மூன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவனோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். சின்னவன் ‘கெடுத்தான்’ என்றான். இவன் திட்டவில்லை, சிரிக்கவில்லை. எழுத்துக்குப் பின்னால் விரலை வைத்து மறைத்தான், பிறகு எடுத்தான்.

“கால் இருக்கு பாரு. இப்போ சொல்லு.”