காலண்டரோடு உட்காரும் வேலை

போதை மீட்புத் துறையில் இருக்கிறேன் என்று சொன்னால் போதும், கல்யாண வீட்டில் அடுத்த கேள்வி, "இதுவரைக்கும் எத்தனை பேரைத் திருத்தியிருப்பே?" ஒருவரைக்கூட இல்லை. மருந்து எழுதுவது மனநல மருத்துவர், உட்கார்ந்து பேசுவது ஆலோசகர். நான் ஆராய்ச்சி உளவியலாளர், என் வேலை அதற்கு அப்புறம்தான் வரும். சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவரை மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருடம் கழித்துத் தேடிப் போய் "இப்போ எப்படி இருக்கீங்க?" என்று கேட்க வேண்டும். கேட்டதை எண்ணாக்க வேண்டும். சென்னையில் இதைச் செய்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது.

நேராகக் கேட்டால் "பரவாயில்லை மேடம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால்தான் காலண்டர். லிண்டா சோபெல், மார்க் சோபெல் என்ற உளவியலாளர் தம்பதி உருவாக்கிய முறை இது. கடந்த 90 நாட்களைக் காலண்டரில் விரித்துவைத்து, எந்த நாளில் எவ்வளவு குடித்தார் என்று ஒவ்வொன்றாக நினைவுபடுத்திக் குறிப்பது. மேல்நாட்டில் கிறிஸ்துமஸ், பிறந்தநாள் என்று பிடிமானம் தேடுவார்கள். நம் ஊர்க் காலண்டரோ பாதி வேலையைத் தானே செய்துவிடும். "அமாவாசை அன்னிக்குத் தொட மாட்டேன்" என்று ஒருவர் சொன்னால் மூன்று மாதத்தில் மூன்று கட்டங்கள் உடனே நிரம்பிவிடும். சனிக்கிழமை சம்பளம், சீட்டுப் பணம் கட்டும் நாள், மாமனார் காரியம் என்று மீதியும் மெதுவாக வரும்.

சென்ட்ரிங் வேலை பார்க்கும் ஒருவர். ஆடி மாதத்துக்கு வந்தோம். "ஆடியில வேலை கம்மி மேடம், காசில்லை, குடிக்கலை" என்றார். பென்சில் அடுத்த மாதத்துக்குப் போன பிறகு அவரே நிறுத்தினார். "கூழ் ஊத்தின அன்னிக்கு மச்சான் வந்திருந்தான்." குறித்துக்கொண்டேன். தளம் போட்ட நாட்கள்? "அது கணக்குலயே வராது மேடம். அன்னிக்கு மேஸ்திரி செலவு."

குடிப்பவர்கள் பொய் சொல்வார்கள் என்பது ஊரே நம்பும் விஷயம். நான் பார்த்தவரை பொய் குறைவு. கணக்குப் போடும் விதம்தான் வேறு. அடுத்தவன் வாங்கிக் கொடுத்தது குடி இல்லை. கல்யாணம், சாவு இரண்டிலும் குடித்தது குடி இல்லை. பீர் என்றால் சொல்லவே வேண்டாம். இது தெரியாமல் "வாரத்தில் எத்தனை நாள் குடிக்கிறீர்கள்?" என்று படிவத்தை நீட்டினால் அவர் மனசாட்சிப்படியே தப்பான விடை எழுதிவிட்டுப் போவார்.

அளவுக் கணக்கு இன்னும் வேடிக்கை. உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விப் படிவத்தில் ஒரு 'டிரிங்க்' என்பது 10 கிராம் ஆல்கஹால். நம் ஊரில் அளவு என்றால் குவார்ட்டர், அதில் பாதி கட்டிங். 180 மில்லி குவார்ட்டரில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்றால் சுமார் 60 கிராம், அதாவது ஆறு டிரிங்க். "தினமும் ஒண்ணே ஒண்ணுதான்" என்பவர் முதல் மூன்று கேள்விகளிலேயே 10 மதிப்பெண் வாங்கிவிடுகிறார். 8 வந்தாலே கவலைப்பட வேண்டும் என்கிறது படிவம். மீதி ஏழு கேள்விகளைக் கேட்கும்போது அவர் முகத்தில், நான்தான் எங்கோ கூட்டலில் தப்பு செய்துவிட்டேன் என்ற சந்தேகம் தெரியும்.

இந்தத் துறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஆரம்பத்தில் எந்தச் சிகிச்சை சிறந்தது என்ற கேள்வியோடுதான் வருகிறார்கள். அமெரிக்காவில் 1,726 பேரை வைத்துப் பெரிய ஆய்வு நடத்தி 1997இல் முடிவு வெளியிட்டார்கள். சிந்தனை, நடத்தையை மாற்றும் சிகிச்சை, ஊக்கத்தை வளர்க்கும் உரையாடல், குடியை விட ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) குழுவின் பன்னிரண்டு படிகளை ஒட்டிய சிகிச்சை என்று மூன்று. யாருக்கு எது பொருந்தும் என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம். மூன்றிலும் குடி குறைந்தது, மூன்றுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இல்லை, பொருத்தம் பார்த்ததும் பெரும்பாலும் பலிக்கவில்லை. பலருக்கு இது ஏமாற்றம். எனக்கு இது பெரிய நிம்மதி. வேறு இடத்தில் தேடலாம் அல்லவா?

கோவாவில் நடந்த ஆய்வு எங்கள் தொழில்காரர்களைக் கொஞ்சம் உறுத்தும். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த 377 ஆண்கள். உளவியல் பட்டம் எதுவும் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆட்கள் அதிகபட்சம் நான்கு அமர்வுகள் பேசினார்கள். மூன்று மாதத்தில் அவர்களிடம் பேசியவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து விலகியிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 26 சதவீதம். 2017இல் வந்த முடிவு. அதற்கு இரண்டு வருடம் கழித்து எய்ம்ஸ் நடத்திய தேசியக் கணக்கெடுப்பு, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைக்கிறது என்றது. மீதி 37 பேருக்கும் பட்டம் வாங்கிய ஆலோசகரைக் கொண்டுபோய் நிறுத்த முடியாது. கோவா வழிதான் வழி.

சரி, வேறு இடம் என்றேனே, அது எங்கே? எனக்குக் கார்த்திகை மாதத்தில் தெரிந்தது. நம் காலண்டர்களில் கார்த்திகை ஒன்றாம் தேதியிலிருந்து சிலருக்குக் கட்டங்கள் வரிசையாக வெறுமையாக இருக்கும். மாலை போட்டிருப்பார்கள். தினமும் குடிப்பவர் 41 நாள் தொடுவதில்லை. மருந்து, கவுன்சலிங் எதுவும் கிடையாது. (தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம். மாலை போடும் முன் ஒரு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள் என்று தெரிந்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.)

பக்தி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். நான் அந்த 41 நாளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கிறேன். விடியற்காலைக் குளியல், சாயங்காலம் பூஜை. கருப்பு வேட்டியோடு கடை வாசலில் நிற்க முடியாது. மனைவியும் "சாமி" என்கிறாள், கூடக் குடித்த கூட்டாளியும் "சாமி" என்று ஒதுங்கி வழிவிடுகிறான். குருசாமி தினமும் ஒரு கண் வைத்திருக்கிறார். மாலை ஆறு மணிக்குப் போக ஓர் இடம், செய்ய ஒரு வேலை, பேச நாலு பேர். மாலையைக் கழற்றிய அன்றே இவை அத்தனையும் கழன்றுவிடுகின்றன. தை பிறந்தால் கட்டங்கள் பழையபடி நிரம்புகின்றன. "மனசுல உறுதி இல்லை மேடம்" என்று அவரே தன்னைத் திட்டிக்கொள்வார். 41 நாள் இருந்த உறுதி ஒரே ராத்திரியில் எங்கே போகும்? சுற்றிலும் இருந்த ஏற்பாடுதான் போனது.

நாங்கள் 'காணாமல் போனவர்' என்று குறிக்கும் ஆட்கள் இன்னொரு கதை. போன் எடுக்காதவரைத் திரும்பக் குடிப்பவராகவே எண்ணிக்கொள்வது பல ஆய்வுகளில் உள்ள வழக்கம். பாதுகாப்பான கணக்குதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முகவரி தேடிப் போய்ப் பார்த்தால் சிலர் நன்றாகவே இருப்பார்கள். மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வருவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஒருவர் தெருமுனையிலேயே என்னை மடக்கி, "எல்ஐசி ஏஜென்ட்டுன்னு சொல்லிடுங்கம்மா" என்று கேட்டுக்கொண்டார். யாரென்றே சொல்லாமல் திரும்பி வந்தேன். அவர் ஒரு வருடமாகக் குடிக்கவில்லை.

குடிக்காத வருடங்கள் வீட்டில் சுலபமாக இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். மனைவியிடம் தனியாகக் கேட்பதும் எங்கள் முறைதான். வேலை விட்டு வந்ததும் சட்டையைத் துவைக்க வாங்குவது போல வாங்கி மோந்து பார்ப்பதை இன்னும் விடவில்லை என்றார் ஒரு அக்கா. கணவருக்கும் அது தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் மாத்திரை கலந்து போட்ட நாட்களையும் அந்த அக்கா சொன்னார். 1948 முதல் வைத்தியத்தில் இருக்கும் மருந்து அது. அதன் மேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும். தெரிந்து சாப்பிடுபவருக்கு அது ஒரு காவல். தெரியாமல் சாப்பிட்டவருக்கு உயிருக்கே ஆபத்து. 'அவருக்குத் தெரியாமலேயே நிறுத்தலாம்' என்று விளம்பரம் வரும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இப்போது எங்கள் படிவத்தில், குடிக்காத நாட்களில் மாலை ஆறு முதல் பத்து வரை என்ன செய்தீர்கள் என்ற கேள்வியையும் சேர்த்திருக்கிறோம். வீடு, வேலை, கோயில், ஏ.ஏ. கூட்டம் என்று கட்டங்கள் போட்டு, கடைசியில் 'இதர' என்று ஒரு வரி விட்டோம். ஓர் ஆட்டோக்காரர், அந்த நான்கு மணி நேரம் மட்டும் தன் ஸ்டாண்டில் நிற்காமல் ஏர்போர்ட் பக்கம் போய்விடுவதாகச் சொன்னார். சவாரி குறையாதா? "குறையட்டும் மேடம், ஸ்டாண்டுல நின்னா மொத்தமும் போயிடும்." ஒருவர் மனைவியோடு பூக் கட்ட உட்கார்ந்துவிடுகிறார். இன்னொருவர் ஏழு மணிக்கே சாப்பிட்டுவிடுகிறார், வயிறு நிறைந்தால் அந்த நினைப்பு வராதாம். இவற்றை எந்தக் கட்டத்தில் போடுவது என்று ஆய்வு உதவியாளர்கள் கேட்க, 'இதர'வில் எழுதச் சொன்னேன். இப்போது படிவத்திலேயே நீளமான பகுதி அதுதான். அதைப் பிரித்து வகைப்படுத்துவதுதான் இந்த வருட வேலை.