பெர்லினில் ஏழு வாரம்: ஜெர்மனைத் தமிழ் வழியாகப் படித்த கதை

ஜெர்மன் மொழியில் இடைநிலையான பி1 தேர்வில் தேறிய சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கைப்பையில் மேலாக வைத்துக்கொண்டுதான் பெர்லினில் இறங்கினேன். 2024 ஜூன் கடைசி. எம்.எஸ்சி. முதலாண்டு முடிந்திருந்தது, கையில் ஏழு வாரம் இருந்தது. மறுநாள் மொழிப்பள்ளியில் எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்று பார்க்கும் தேர்வு. எழுத்துத் தாளைச் சட்டென்று முடித்துவிட்டேன். அப்புறம் ஆசிரியை எதிரில் உட்கார்ந்து, "பயணம் எப்படி இருந்தது, சொல்லுங்கள்" என்றார். விமானம், தாமதம், பெட்டி என்று மூன்று பெயர்ச்சொல் சொன்னேன். வினைச்சொல் ஒன்றும் வரவில்லை. பி1 சான்றிதழோடு போனவனை அதற்கு ஒரு படி கீழான ஏ2 வகுப்பின் இரண்டாம் பாதியில் போட்டார்கள்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவமானம் ஒரு பக்கம் என்றால், ஜூன் மாதத்தில் பெர்லினில் ஒன்பதரை மணிக்குத்தான் சூரியன் மறைகிறது, ஐந்து மணிக்கு முன்பே உதித்தும் விடுகிறது. என் அறையில் திரைச்சீலை கிடையாது.

யோசித்துப் பார்த்தால் பள்ளி செய்தது சரிதான். கோதே நிறுவனம் நடத்தும் பி1 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. ஒவ்வொன்றும் 100 புள்ளி, 60 எடுத்தால் தேர்ச்சி. படித்தலில் 93 வாங்கிய நான் பேசுதலில் 64. அந்த 64-உம் எப்படி வந்தது? பேசுதல் தேர்வே கால் மணி நேரம்தான். ஒரு தலைப்பில் சிறிய உரை, கூட எழுதுபவரோடு சேர்ந்து ஒரு திட்டம் போடுதல். வரக்கூடிய தலைப்புகள் எல்லாம் பயிற்சித்தாள்களில் கிடக்கின்றன. பத்து உரையை மனப்பாடம் செய்தால் எதாவது ஒன்று மாட்டும். நமக்கு அந்த வித்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பத்தாம் வகுப்பிலேயே கைவந்தது. கோடைப் படிப்புக்குப் போகிறவர்களுக்கு என் முதல் யோசனை: கீழ் வகுப்பில் போட்டால் சண்டை போடாதீர்கள். நான் போட்டேன். "ஒரு வாரம் இருந்து பாருங்கள், பிறகு பேசுவோம்" என்றார் ஆசிரியை. ஒரு வாரம் கழித்து நான் வாயைத் திறக்கவில்லை.

விஷயம் புரிந்தது வகுப்பில் இல்லை, கோயிலில். நகரின் தெற்கே பிரிட்ஸ் பகுதியில் ப்ளாஷ்கோஅலே என்று ஒரு சுரங்கரயில் நிலையம், யு7 தடத்தில். பக்கத்திலேயே மயூரபதி முருகன் கோயில், ஈழத்தமிழர்கள் கட்டியது. அன்று மழை, தரை சில்லென்று இருந்தது, காலில் செருப்பு இல்லை. கையில் சர்க்கரைப் பொங்கலோடு நின்ற ஒரு பையன் ஜெர்மனில்தான் பேசினான். அவனிடம் பெருமையாக "இஷ் பின் கால்ட்" என்றேன், குளிர்கிறது என்று சொல்வதாக நினைத்து. அவன் பொங்கல் புரையேறும் அளவுக்குச் சிரித்தான். நான் சொன்னதற்கு 'நான் இரக்கமற்ற ஆள்' என்கிற மாதிரி அர்த்தமாம். அவனுடைய அம்மம்மா அருகில் இருந்தார். எண்பதுகளில் கிழக்கு பெர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ரயிலேறி மேற்கே வந்தவர்.

"தம்பி, வீட்டில என்னெண்டு சொல்லுவீர்? எனக்குக் குளிருது எண்டுதானே? அதையே சொல்லும். மியர் இஸ்ட் கால்ட். மியர் எண்டால் எனக்கு."

அவ்வளவுதான் சொன்னார். எனக்குத் தலையில் குட்டியது போல இருந்தது. இரண்டு வருடமாக நான் ஜெர்மனை ஆங்கிலத்தின் வழியாகப் படித்துக்கொண்டிருந்தேன். புத்தகம் ஆங்கிலத்தில், வகுப்பு விளக்கம் ஆங்கிலத்தில், மனதுக்குள் மொழிபெயர்ப்பும் ஆங்கிலத்திலிருந்து. நம் நான்காம் வேற்றுமை, அந்தக் 'கு' உருபு, ஜெர்மனில் டாட்டிவ் என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறது. எனக்குப் பிடிக்கும், எனக்குச் சொந்தம், உனக்கு உதவுகிறேன், உனக்கு நன்றி சொல்கிறேன். இவை எல்லாவற்றுக்கும் ஜெர்மனிலும் 'கு' தான். 'ஹெல்ஃபன்' என்ற உதவும் வினைக்கு டாட்டிவ் வரும் என்று சென்னையில் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்திருக்கிறேன். உனக்கு உதவுகிறேன் என்று ஒரு தடவை வாயால் சொல்லிப் பார்த்திருந்தால் பட்டியலே தேவைப்பட்டிருக்காது.

அடுத்த வாரம் வகுப்பில் 'வைல்' வாக்கியம் வந்தது. 'ஏனென்றால்' என்று பொருள். அதற்குப் பின்னால் வினை கடைசிக்குப் போய்விடும். பிரேசில் மாணவரும் ஸ்பெயின் மாணவியும் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். எனக்கும் துருக்கியிலிருந்து வந்த பெண்ணுக்கும் ஒரு சிரமமும் இல்லை, ஏனென்றால் எங்கள் இருவர் மொழியிலும் வினை கடைசியில்தான் இருக்கும். ஆனால் இதில் ஒரு பள்ளமும் உண்டு. தலைமை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்க வேண்டும். தமிழ்ச் சுகத்தில் அங்கேயும் வினையைக் கடைசிக்குத் தள்ளி, 'நான் நாளை வருகிறேன்' வரிசையிலேயே பேசிப் பலமுறை மாட்டினேன்.

எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாம் 'உன்னை நம்புகிறேன்' என்போம். ஜெர்மன்காரர் 'உனக்கு' நம்புவார். நாம் 'உன்னிடம்' கேட்போம். அவர் 'உன்னை'க் கேட்பார். சொற்களின் ஆண்பால், பெண்பால் பற்றிக் கேட்கவே வேண்டாம். மேசை ஆண், விளக்கு பெண், சிறுமி அஃறிணை. இதற்குத் தொல்காப்பியரே வந்தாலும் மனப்பாடம்தான். நான் செய்தது இவ்வளவே: நோட்டில் ஒரு பக்கம் தமிழோடு ஒத்துப்போகிறவை, எதிர்ப்பக்கம் ஒத்துப்போகாதவை. எதிர்ப்பக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்தேன். பாதி வேலை மிச்சம்.

அந்தக் கோடையில் ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்து ஜெர்மனியில் நடந்தது, இறுதியாட்டம் பெர்லினில். 'ஷ்பேட்டி' என்று அழைக்கப்படும், இரவு வெகுநேரம் திறந்திருக்கும் பெட்டிக்கடைகள் நடைபாதையில் டிவியை வைத்து பெஞ்சு போட்டுவிடும். ஜூலை 5, ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் கால் இறுதி. 89-ஆம் நிமிடத்தில் ஜெர்மனி கோல் போட்டுச் சமன் செய்தபோது எங்கள் பெஞ்சு கவிழ்ந்தது. கூடுதல் நேரத்தில் ஸ்பெயின் வீரர் கையில் பந்து பட்டது, நடுவர் ஊதவில்லை. 119-ஆம் நிமிடத்தில் ஸ்பெயின் கோல் போட, தெருவே அடங்கியது. பக்கத்தில் இருந்த பெரியவர் அடுத்த அரைமணி நேரம் ஒரே வாக்கியத்தைப் பலவிதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: 'வென் டேர் ஷீரி கெப்ஃபிஃபன் ஹேட்டெ...' நடுவர் ஊதியிருந்தால். கெப்ஃபிஃபன் என்பது ஊதி, ஹேட்டெ என்பது இருந்தால். அதே வரிசை! நிறைவேறாத நிபந்தனையைச் சொல்லும் அந்த வினைவடிவத்தைப் புத்தகத்தில் மூன்று தடவை படித்தும் பிடிபடவில்லை. அந்தப் பெரியவருடைய வயிற்றெரிச்சலில் பிடிபட்டது. அவர் பேசியது பெர்லின் பேச்சு, 'இஷ்' என்பதை 'இக்' என்பார்கள், 'தாஸ்' அங்கே 'டிட்' ஆகிவிடும். முதல் வாரம் காது திணறும், அப்புறம் பழகிவிடும்.

தமிழ் என்னைக் கவிழ்த்த கதையும் ஒன்று இருக்கிறது. பக்கத்து ஊரான போட்ஸ்டாமுக்குச் சுற்றுலா போக 'ஹால்ப் நொய்ன்' மணிக்கு ரயில் நிலையத்தில் கூட வேண்டும் என்றார் ஆசிரியை. ஹால்ப் என்றால் அரை, நொய்ன் என்றால் ஒன்பது. ஒன்பதரை என்று எடுத்துக்கொண்டு, பத்து நிமிடம் முன்னதாகவே போய் நின்றேன். ஒருவரையும் காணோம். ஜெர்மனில் அது எட்டரை. ஒன்பதை நோக்கிப் பாதி தூரம் வந்தாயிற்று என்று கணக்கு. தனியாக எஸ்-பான் என்ற புறநகர் ரயில் ஏறிப் போய், சான்சூசி அரண்மனைப் படிக்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைக் கண்டுபிடித்தபோது மதியம் ஆகிவிட்டது.

நடைமுறை விஷயங்கள் சில. 90 நாளுக்குள் என்றால், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா போதும். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரத்தில் விண்ணப்ப மையத்தில் முன்பதிவு கிடைப்பது கஷ்டம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். படிப்புக்காகப் போகும் மாணவர்களுக்கு விசாக் கட்டணம் கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் மட்டும் உண்டு. கல்லூரியிலிருந்து மாணவர் என்ற சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.

அறை தேடும்போது 'ட்ஸ்விஷன்மீட்டே' என்று போட்டுத் தேடுங்கள். கோடையில் ஊருக்குப் போகும் மாணவர்கள் தங்கள் அறையை இரண்டு மாதத்துக்கு உள்வாடகைக்கு விடுவார்கள். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று யார் சொன்னாலும் விலகிவிடுங்கள். நான் 200 யூரோ அனுப்பிவிட்டு இன்னும் சாவிக்காகக் காத்திருக்கிறேன். மின்விசிறி எதிர்பார்க்காதீர்கள், ஜூலையில் 34 டிகிரி அடித்த நாளின் இரவில் ஈரத்துண்டுதான் துணை. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே பாலும் முட்டையும் வாங்கிவிடுங்கள். காலி பிளாஸ்டிக் பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள், கடை இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்பி வரும்.

காது பழக நான் கண்ட நல்ல இடம் வட்ட ரயில். எஸ்41 கடிகாரச் சுற்றில், எஸ்42 எதிர்ச்சுற்றில். நகரைச் சுற்றிவர ஒரு மணி நேரம். டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச்சீட்டு இருந்தால் எத்தனை சுற்றும் வரலாம். சாயங்காலம் ஏறி உட்கார்ந்து, எதிரில் பேசுகிறவர்களின் கடைசிச் சொல்லை மட்டும் கவனிப்பேன். வினை அங்கேதானே வந்து விழும்.

ஊர் திரும்பி ஜனவரியில் அடுத்த நிலையான பி2 எழுதினேன். பேசுதலில் 81. எழுதுதலில் 54, தோல்வி. பகுதி பகுதியாக எழுதலாம் என்பதால் அதை மட்டும் மறுபடி எழுதித் தேறினேன்.

அந்த மாதச்சீட்டைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. அது சந்தா. நான் போனபோது 49 யூரோ, 2025 ஜனவரியில் 58 ஆயிற்று. அடுத்த மாதம் வேண்டாம் என்றால் இந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் நிறுத்த வேண்டும். என்னோடு தங்கியிருந்த பையனின் வங்கிக் கணக்கிலிருந்துதான் என் சீட்டுக்குப் பணம் போய்க்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 12-ஆம் தேதி விமானம். மூட்டை கட்டும் அவசரத்தில் நிறுத்த மறந்துவிட்டேன். செப்டம்பர் முதல் வாரம் தாம்பரத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது அவனிடமிருந்து செய்தி, 49 யூரோ போயிருக்கிறதே என்று. 'எஸ் டூட் மியர் லைட்' என்று பதில் போட்டேன், மன்னிக்கச் சொல்லி. அனுப்பிய பிறகுதான் கவனித்தேன், 'மியர்' தானாக வந்திருந்தது. பணத்தை மறுநாள் அனுப்பினேன்.