கொடைக்கானலில் பாஸ்தா சாலட்: மே முதல் டிசம்பர் வரை செய்து பார்த்தது

மே மாதம் தங்கை மகனுக்குப் பிறந்தநாள். கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் அவர்கள் வீட்டில் இருபது பேர் கூடினோம். பிரியாணி ஒருவர், கேக் ஒருவர் என்று வேலையைப் பிரித்துக்கொண்டபோது, பாஸ்தா சாலட் நான் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கோயம்புத்தூரில் ஒரு கல்யாண வரவேற்பில் சாப்பிட்டது அப்படியே நாக்கில் நின்றிருந்தது. சில்லென்று, வழவழவென்று, ஒவ்வொரு வாய்க்கும் பின்னால் ஒரு புளிப்பு. அதே மாதிரி செய்துவிட வேண்டும் என்று ஆசை.

அரை கிலோ திருகு பாஸ்தாவை பாக்கெட்டில் போட்டிருந்தபடி பத்து நிமிடம் வேகவைத்தேன். கடையில் வாங்கிய மயோனைஸ், அரை லிட்டர் தயிர், நறுக்கிய வெள்ளரிக்காய், கேரட், குடைமிளகாய் எல்லாவற்றையும் கலந்து காலை பத்து மணிக்கே பிரிட்ஜில் வைத்தாயிற்று. மதியம் மூடியைத் திறந்தால் கரண்டி இறங்கவில்லை. மேலே வறண்டு போய் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது, அடியில் வெள்ளரிக்காய்த் தண்ணீர் தேங்கி நின்றது. ஒரு திருகை எடுத்து நகத்தால் கிள்ளிப் பார்த்தேன். நடுவில் சுண்ணாம்புப் பொட்டு மாதிரி வேகாத மாவு.

அப்பத்தா சீசனுக்காக வத்தலக்குண்டிலிருந்து மேலே வந்திருந்தார். ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏந்தாயி, தயிர்ச்சோறு கட்டுற மாதிரிதான இது? சூட்டுல தளரப் பிசைஞ்சு பால் ஊத்தலயா? ஆறுனா இறுகத்தான செய்யும்" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் நான் செய்ததெல்லாம் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான்.

முதலில் அந்தச் சுண்ணாம்புப் பொட்டு. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும்; ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தண்ணீர் கொதிக்கும் சூடு சுமார் ஒரு டிகிரி இறங்கும். அதனால்தான் இங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது, எல்லாரும் குக்கரைத் தேடுகிறோம். இது தெரிந்திருந்தும் பாஸ்தா பாக்கெட்டில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கு நமக்கானது இல்லை என்று அன்று தோன்றவில்லை. மதினி வீட்டில் சாக்லேட் செய்து விற்கிறார். அவரிடம் சூடு பார்க்கும் கம்பி இருக்கிறது. ஜூன் மாதம் ஒரு மழைநாளில் அதை வாங்கிவந்து, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். 93 டிகிரி. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் ஏறவில்லை.

அன்றே நான்கு கிண்ணம் வைத்தேன். ஒரே பாத்திரத்தில் வேகும் பாஸ்தாவிலிருந்து 10, 12, 14, 16 நிமிடத்தில் ஒவ்வொரு கரண்டி எடுத்து ஆறவைத்து, சூடாக ஒரு முறையும் பிரிட்ஜில் இரண்டு மணி நேரம் வைத்த பிறகு ஒரு முறையும் தின்று பார்த்தேன். சூடாக இருந்தபோது 12 நிமிடத்துப் பாஸ்தாதான் நன்றாக இருந்தது. குளிர்ந்த பிறகு அது ரப்பர். சூட்டில் "கொஞ்சம் குழைந்துவிட்டதோ" என்று நினைக்கவைத்த 14 நிமிடத்துப் பாஸ்தா, குளிர்ந்ததும் பல்லுக்குப் பதமாக வந்து நின்றது. 16 உடைந்தது. வெந்த மாவுச்சத்து ஆறும்போது இறுகும் குணம் உள்ளது. முந்தின நாள் சோறு பிரிட்ஜில் விறைத்துப் போவது இதனால்தான். ஆக, சூடாகத் தின்னும் பாஸ்தாவுக்கு ஒரு பதம், ஆறவைத்துத் தின்னும் பாஸ்தாவுக்கு இன்னொரு பதம். சாலடுக்கு அரைப் பதம் கூடுதலாக வேக வேண்டும்.

எந்தப் பாஸ்தா என்று கேட்டால், பாக்கெட்டில் டியூரம் கோதுமை ரவை என்று போட்டிருப்பதைத்தான் வாங்குவேன். மைதாவில் செய்தது இந்தக் கூடுதல் வேக்காட்டைத் தாங்காமல் கூழாகிவிடுகிறது. வடிவத்தில் திருகுதான் எனக்குப் பிடித்தது. அந்த மடிப்புகளுக்குள் சாஸ் போய் உட்கார்ந்துகொள்ளும். அரை கிலோவுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர், ஒரு கைப்பிடி கல்லுப்பு. உப்பைப் பயந்து போட்டால் பிறகு சாஸில் எவ்வளவு சேர்த்தாலும் உள்ளே சப்பென்றுதான் இருக்கும்.

அடுத்தது தயிர். கீழே இருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியாது. இங்கே மழைக்காலத்தில் பாலுக்கு உறை ஊற்றிவிட்டுத் தூங்கினால் காலையில் பால் பாலாகவே இருக்கும். ஹாட்பாக்ஸில் வைத்து, மேலே கம்பளித் துணி சுற்றி, அரிசிப் பானைக்குள் இறக்கி வைத்தால் மறுநாள் மதியத்துக்கு உறையும். உறைந்தாலும் புளிப்பு இருக்காது. புளிக்கட்டும் என்று இன்னொரு நாள் விட்டுப் பார்த்தேன். புளிப்பு வந்தது, கூடவே ஒரு வாடையும் வந்தது. அதை அப்படியே கொட்டினேன். வழவழப்புக்குத் தயிர், புளிப்புக்கு வேறு ஏதாவது என்று இரண்டையும் பிரித்துக்கொண்ட பிறகுதான் சாஸ் கைக்கு வந்தது.

தயிரை வெள்ளைத் துணியில் மூட்டை கட்டி, சமையலறைக் குழாயில் இரவு முழுக்கத் தொங்கவிடுகிறேன். ஒரு லிட்டரில் பாதிக்கும் குறைவாகத்தான் மிஞ்சும். துணியைப் பிரிக்கும்போது ஓரத்தில் நெசவின் கோடு பதிந்து, வெண்ணெய் உருண்டை மாதிரி நிற்கும். சொட்டிய தண்ணீரை ரசத்தில் ஊற்றிவிடுவேன்.

மயோனைஸுக்கு முட்டை சேர்ப்பதில்லை. கூட்டத்துக்குச் செய்வது, கைக்குழந்தை முதல் எண்பது வயதுக்காரர் வரை சாப்பிடுவார்கள். பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்க வாய்ப்புண்டு என்பதால்தானே 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசே பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை போட்டது? பாலில் செய்யும் மயோனைஸ் எனக்குப் போதும். 100 மில்லி குளிர்ந்த பால், 200 மில்லி சூரியகாந்தி எண்ணெய். உயரமான டம்ளரில் இரண்டையும் ஊற்றி, கையால் பிடித்து அரைக்கும் பிளெண்டரை அடியில் ஊன்றி அசைக்காமல் ஓட்ட வேண்டும். முதலில் சளசளவென்று சத்தம் வரும். அரை நிமிடத்தில் அது அடங்கிக் கனத்த முனகலாக மாறும். அடியிலிருந்து வெள்ளை மேகம் மாதிரி திரண்டு மேலே ஏறுவது தெரியும். அப்போது மெதுவாக மேலே தூக்கி, எலுமிச்சைச் சாறும் உப்பும் விட்டால் இன்னும் கெட்டிப்படும். மிக்ஸி ஜாரில் நான் செய்தபோது இரண்டு முறை திரிந்து எண்ணெய் தனியாகப் போய்விட்டது. கடலை எண்ணெயில் ஒரு முறை செய்தேன். சேர்ந்து வந்தது, ஆனால் எண்ணெய் வாசம் எல்லாவற்றையும் அமுக்கிவிட்டது.

பூண்டைப் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. நம் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது. காரமும் வாசமும் அப்படி. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பூம்பாறைப் பக்கத்திலிருந்து வருவதை வாங்கி, இரண்டு பல்லைப் பச்சையாக நசுக்கிச் சாஸில் போட்டேன். அன்று முழுக்க வேறு எந்த ருசியும் தெரியவில்லை. இப்போது எட்டுப் பல்லைத் தோலோடு பாஸ்தா வேகும் தண்ணீரிலேயே போட்டுவிடுகிறேன். பூண்டை நசுக்கும்போது அந்தக் காரத்தை உண்டாக்குகிற நொதி, முழுப் பல்லாக வெந்தால் செத்துவிடும். வெந்த பல்லை அமுக்கினால் தோலை விட்டு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். மசித்துச் சேர்த்தால் சாஸுக்குக் கனமும் கிடைக்கும்.

ஆகஸ்டில் ஒரு தப்பு நடந்தது. வத்தலக்குண்டில் சித்தப்பா வீட்டு விசேஷத்துக்குக் கலந்த சாலடை டிபன் டிரம்மில் போட்டு எடுத்துப்போனேன். மலையிறக்கம் இரண்டு மணி நேரத்துக்கு மேல். பெருமாள்மலை தாண்டிக் கொஞ்ச நேரத்திலேயே காற்று மாறிவிடும், அடிவாரத்துக் காட் ரோடு வரும்போது சட்டை ஒட்டும். போய்த் திறந்தபோது சாஸ் நீர்த்து, லேசாகப் புளித்த வாடை. யாருக்கும் கொடுக்காமல் கொட்டச் சொன்னேன். பாலும் தயிரும் சேர்ந்த பண்டம் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சரி, இங்கேயே வேகவைத்துவிடலாம் என்று பாஸ்தா வாங்கிவரச் சொல்லி, பழக்கதோஷத்தில் 14 நிமிடம் விட்டேன். கீழே தண்ணீர் 99 டிகிரியில் கொதிக்கிறது. கரண்டி போட்டதும் திருகெல்லாம் கரைந்துபோயிற்று. மலைக் கணக்கை மலையிலேயே விட்டுவிட்டு இறங்க வேண்டும்.

அப்பத்தா சொன்ன "சூட்டுல தளரப் பிசைஞ்சு" என்பதன் அர்த்தம் செப்டம்பரில்தான் முழுசாகப் பிடிபட்டது. அம்மா ஊருக்குக் கட்டும் தயிர்ச்சோற்றில் சூட்டோடு பால் ஊற்றிக் கூழ் மாதிரி பிசைவார். அப்போது பார்த்தால் இது சோறா என்றிருக்கும். நாலு மணி நேரம் கழித்து இலையில் விழும்போது சரியான பதம். பாஸ்தாவும் அப்படித்தான் குடிக்கிறது, அதுவும் சூட்டில் அதிகமாகக் குடிக்கிறது. அதனால் அது சூட்டில் குடிப்பது எதுவாக இருக்க வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும். சூட்டில் தயிரோ மயோனைஸோ விட்டால் திரிந்து எண்ணெய் கக்கும். ஆகவே புளிப்பைக் குடிக்கவைத்தேன்.

வடித்ததும் தண்ணீரில் அலசுவதில்லை. பெரிய தாம்பாளத்தில் பரப்பி, ஆவி பறக்கும்போதே மூன்று மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு மேசைக்கரண்டி வினிகர், ஒரு கரண்டி எண்ணெய், அரைக்கரண்டி சர்க்கரை கலந்து தெளித்துப் புரட்டுகிறேன். புளிப்பு உள்ளே இறங்கிவிடும். ஜன்னலைத் திறந்து வைத்தால் கொடைக்கானல் குளிரில் இருபது நிமிடத்தில் ஆறிவிடும். அப்புறம்தான் சாஸ்: கால் கிலோ கட்டித் தயிர், 200 கிராம் மயோனைஸ், மசித்த பூண்டு, மிளகுத்தூள், ஒரு தேக்கரண்டி கடுகு விழுது. கடுகை முந்தின நாளே வினிகரில் ஊறவைத்து அரைத்து வைப்பேன். அரைத்தவுடன் சேர்த்தால் கசக்கும். இதில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் இப்போது கலந்து பிரிட்ஜில் வைக்க வேண்டும். மீதியைத் தனியாக வைத்து, பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் அரை டம்ளர் பாலில் தளர்த்தி மேலே விட்டுக் கிளறினால் கோயம்புத்தூரில் சாப்பிட்ட அதே வழவழப்பு. உப்பும் அப்போது ஒரு முறை பார்க்க வேண்டும். குளிர்ந்தால் நாக்குக்கு ருசி மட்டுப்படும்.

காய்கறிக்கு இங்கே பஞ்சமே இல்லை. துருவாமல் குச்சியாக நறுக்கிய கேரட், பொடியாக வெங்காயத்தாள், குடைமிளகாய். பச்சைப் பட்டாணியை உரித்து, பாஸ்தா வேகும் கடைசி மூன்று நிமிடத்தில் அதே தண்ணீரில் போட்டுவிடலாம். வெள்ளரிக்காயை விதை நீக்கி, உப்புப் பிசறி, கால் மணி நேரம் கழித்துப் பிழிந்து சேர்த்தால் அடியில் தண்ணீர் நிற்காது. சீசனில் பேரிக்காய் கிடைத்தபோது தோலோடு சின்னச் சதுரமாக நறுக்கிப் போட்டேன், நறுக்கென்று அவ்வளவு பொருத்தம். பிளம்ஸ் போட்ட அன்று சாஸ் முழுக்க இளஞ்சிவப்பாகிவிட்டது. பட்டர் ஃப்ரூட்டை மசித்துச் சேர்த்துப் பார்த்தேன், சாப்பிட ருசிதான், ஆனால் ஒரு மணி நேரத்தில் கறுக்கத் தொடங்கியது. வீட்டுக்கு என்றால் சரி, கூட்டத்துக்கு வேண்டாம்.

டிசம்பரில் சர்ச் கிறிஸ்துமஸ் விருந்து. 45 பேர். இரண்டு கிலோ பாஸ்தாவை ஒரே தேக்சாவில் கொட்டினால் கொதி அடங்கி, மறுபடி கொதிப்பதற்குள் எல்லாம் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அரை அரைக் கிலோவாக நான்கு முறை வேகவைத்தேன். மதினி தாம்பாளத்தைப் பிடித்துக்கொள்ள நான் புளிப்புத் தெளித்தேன். சமையலறை முழுக்க எலுமிச்சை ஆவி. கடைசி நடையில் பட்டாணி போட மறந்துவிட்டது, தனியாக வேகவைத்துச் சேர்த்தோம். பரிமாறும் இடத்தில் மீதிச் சாஸை ஊற்றிக் கிளறியபோது கரண்டி வெண்ணெயில் போவது மாதிரி போயிற்று. முதல் பந்தியிலேயே இரண்டாம் தடவை கேட்டார்கள். மே மாதம் கேரட்டை மட்டும் பொறுக்கித் தின்ற தங்கை மகன் தட்டை வழித்துவிட்டு வந்து, "பெரியம்மா, இன்னும் இருக்கா?" என்றான். தேக்சாவின் அடியில் இரண்டு கரண்டி இருந்தது. சுரண்டிக் கொடுத்தேன்.

பொங்கலுக்கு வத்தலக்குண்டு போகிறோம். கட்டித் தயிரையும் மயோனைஸையும் ஐஸ் வைத்த டப்பாவில் தனியாக எடுத்துக்கொள்வேன். பாஸ்தாவை அப்பத்தா வீட்டு அடுப்பில்தான் வேகவைக்கப் போகிறேன். இந்த முறை பத்தாவது நிமிடத்திலிருந்தே கிள்ளிப் பார்த்துக்கொண்டு நிற்பேன். போனில் சொன்னபோது அப்பத்தா, "மோர் மிளகா பொரிச்சு வைக்கட்டா தாயி, நொறுக்கிப் போட்டுப் பாப்போம்" என்றார்.