ஃபார்மேட்டுக்குப் பிறகு

புதிய இயங்குதளம் நிறுவிய மறுநாள் அலுவலகக் கணினிப் பராமரிப்புப் பிரிவுக்கு வரும் அழைப்புகளின் சாரம் ஏறத்தாழ ஒன்றுதான்: டெஸ்க்டாப்பில் இருந்த எதையும் காணவில்லை. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய மூன்றும் வழக்கமாக, இயங்குதளம் நிறுவப்படும் அதே சி டிரைவில்தான் இருக்கின்றன என்பது பலருக்கு அன்றைக்குத்தான் தெரியவருகிறது.

ஃபார்மேட் செய்யாமல் அதே டிரைவில் விண்டோஸை நிறுவியிருந்தால், பழைய கோப்புகள் பெரும்பாலும் விண்டோஸ்.ஓல்டு என்ற ஃபோல்டரில் இருக்கும். விண்டோஸ் 10, 11 இரண்டும் வழக்கமாகப் 10 நாட்களில் அதைத் தாமாகவே நீக்கிவிடும் என்பதால் உடனே நகலெடுத்துவிட வேண்டும்.

ஃபார்மேட் ஆகிவிட்டது என்றால், தரவு இருந்தது சுழலும் வட்டு கொண்ட வன்தட்டா, சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியா என்று கேட்பேன். வன்தட்டில் விரைவு ஃபார்மேட் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறிக்கும் கோப்பு அட்டவணையைப் புதிதாக எழுதுகிறதே தவிரத் தரவைத் துடைப்பதில்லை. புதிய இயங்குதளம் பிடித்துக்கொண்ட இடம் போக, மற்ற இடத்தில் பழையவை அப்படியே கிடக்கும். எஸ்எஸ்டியிலோ, பழைய தரவு இருந்த இடம் இனித் தேவையில்லை என்று இயங்குதளம் ட்ரிம் என்ற கட்டளையால் தெரிவித்துவிடுவதால், மீட்பதற்குப் பெரும்பாலும் எதுவும் மிஞ்சுவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நம்பிக்கையூட்டி இழுத்தடிப்பது கொடுமை.

வன்தட்டாகவே இருந்தாலும், பதற்றத்தில் மீட்பு மென்பொருளை அதே டிரைவில் இறக்கி நிறுவுகிறார்கள். தேடும் கோப்பின் மேலேயே அது எழுதப்பட்டுவிடலாம். கணினியை அணைத்து, வன்தட்டைக் கழற்றி, வேறொரு கணினியில் பொருத்தி, முழு நகல் எடுத்து, அந்த நகலில் மட்டுமே தேட வேண்டும்.

அட்டவணை சிதைந்திருந்தால் ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்கள் கைகொடுக்கும். அவை கோப்பின் தொடக்க அடையாளத்தைக் கொண்டு தேடுபவை: எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்ற மூன்று பைட்டுகளில் தொடங்கினால் ஜேபெக் படம். ஆனால் கோப்பின் பெயரும் ஃபோல்டரும் பெரும்பாலும் திரும்புவதில்லை; வட்டில் சிதறிக் கிடந்த கோப்பு திறக்காமலும் போகலாம். கணக்குப் பிரிவில் ஒருவர், எஃப் என்ற எழுத்தும் நீண்ட எண்களுமாகப் பெயரிடப்பட்ட எக்செல் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ஒரே அறிக்கையின் வெவ்வேறு மாத வடிவங்களுள் கடைசி எது என்று தேதி வரிசையைப் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். மீட்டெடுப்பதைவிட அந்தப் பிரிக்கும் வேலைதான் பெரிது. அவருக்கு வேண்டிய கடைசி வடிவம் அந்தக் குவியலில் இல்லை. மேலாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலின் இணைப்பில் இருந்தது. அதனால் வன்தட்டு நகலாகிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே, அனுப்பிய அஞ்சல்களைப் புரட்டிப் பார்க்கும்படி இப்போதெல்லாம் சொல்லிவிடுகிறேன்.