குப்பியின் மேல் எழுதியிருப்பது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி நாங்கள் மாடு வளர்த்த காலத்தில், எல்லா மருந்தையும் அப்பா ‘மாட்டு மருந்து’ என்றே சொல்வார். மருந்துப்பொருள் வேறு, அது உடலுக்குள் செல்வதற்காகப் பெறும் வடிவம் வேறு என்பது எனக்குப் பின்னாளில்தான் புரிந்தது.

கரைசலில் மருந்து முழுவதும் கரைந்திருக்கும். தொங்கலிலோ நுண்துகள்களாக மிதந்து, நாளடைவில் அடியில் படியும். நுண்ணுயிர்க்கொல்லியான புரோக்கேன் பெனிசிலின் அத்தகைய வெண்ணிறத் தொங்கல் என்பதால், நன்றாகக் குலுக்கித் தசையில்தான் செலுத்த வேண்டும்; இரத்த நாளத்தில் ஒருபோதும் செலுத்தக் கூடாது.

செறிவையும் மருந்தளவையும் குழப்பிக்கொள்வதே மிகுந்த கேடு தருவது என்று நான் கருதுகிறேன். ஒட்டுண்ணிகளைக் கொல்லும் ஒரு விழுக்காடு ஐவர்மெக்டின் ஊசிமருந்தின் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 10 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. மாட்டின் ஒரு கிலோ எடைக்கு 0.2 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவாகையால், 300 கிலோ மாட்டுக்கு 60 மில்லிகிராம், அதாவது 6 மில்லிலிட்டர், தோலுக்கடியில் போட வேண்டும். அப்பா எடையைக் கண்ணால் மதிப்பிடுவார். மார்புச் சுற்றளவை நாடாவால் அளந்து கணிப்பது அதைவிட நம்பகமானது.

மாத்திரைகளில் பெரியதான போலஸை நாக்கின் அடிப்பகுதியில் வைத்து விழுங்கச் செய்வார்கள். மடிநோய்க்கு உரிய களிம்புக் குழலையோ, முழுவதும் கறந்து, காம்பு நுனியைத் துடைத்த பிறகே காம்புத் துளைவழி செலுத்த வேண்டும். மருந்து பாலில் கலந்திருக்கக்கூடும் என்பதால், அதன்பின் குப்பியிலோ குழலிலோ குறித்துள்ள நாள்கள் கழியும்வரை பாலை விற்கக் கூடாது. எங்கள் பாலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகள் குடித்தார்கள். அந்த நாள்களை அன்று நாங்கள் எண்ணவில்லை என்பது இன்றும் என்னை வருத்துகிறது.