மதிலுக்கு அந்தப்புறம் ஒரு கிணறு

பொதுச் சாக்கடை வராத மனையில் வீடு கட்டினால் செப்டிக் டேங்குக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். எங்களுக்கு வீட்டு பிளான் மூன்று வாரத்தில் கைக்கு வந்துவிட்டது. செப்டிக் டேங்குக்கு நாலரை மாதம் ஆனது. அதில் பாதிக்கு மேல் நானே இழுத்துவிட்டுக்கொண்டது.

தொட்டி எத்தனை லிட்டர், சிமென்ட்டா பிளாஸ்டிக்கா என்றெல்லாம் விசாரித்து முடித்துவிட்டுத்தான் அலுவலகத்துக்குப் போனேன். ஆய்வாளர் தொட்டியைப் பற்றிக் கேட்கவே இல்லை. "மண்ணைத் தோண்டிப் பாத்தீங்களா சார்?" என்றார். தொட்டி செய்வது பாதி வேலைதானாம். கசடு அடியில் தங்கும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே ஏடு கட்டும், நடுவில் இருக்கும் தண்ணீர் வெளியே போகும். பார்க்கத் தெளிந்திருந்தாலும் அதில் கிருமி அப்படியே இருக்கும். அதை வடிகட்டிக் கொல்வது, துளைக் குழாய் பதித்த ஜல்லி வாய்க்காலுக்குக் கீழே இருக்கும் மண். விதித்தாளில் முக்கால்வாசி மண்ணைப் பற்றியே இருந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

சரி என்று மனையின் பின்பக்கம் குழி வெட்டினோம். முதலில் ஆளுயரக் குழி. ஆய்வாளர் இறங்கி, சிறு கத்தியால் பக்கவாட்டு மண்ணைச் சுரண்டிக்கொண்டே வந்தார். 1.4 மீட்டர் ஆழத்தில் கை நின்றது. செம்மண்ணுக்கு நடுவே சாம்பல் நிறத் திட்டுகள், அவற்றைச் சுற்றித் துரு பிடித்தாற்போல் ஆரஞ்சுப் புள்ளிகள். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் அதுவரை ஏறி நிற்கும் என்பதற்கு அடையாளமாம். குழியில் அன்றைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வாய்க்காலின் அடிமட்டத்துக்கும் அந்தத் திட்டுக்கும் நடுவே 60 செ.மீ. காய்ந்த மண்ணாவது வேண்டும் என்பது எங்களுக்கு வந்த விதி. வாய்க்கால் 60 செ.மீ. ஆழம் என்பதால் பிழைத்தோம்.

அடுத்தது ஊறல் சோதனை, மண் தண்ணீரை எவ்வளவு வேகமாக இழுக்கிறது என்று பார்ப்பது. சின்னக் குழிகள். மண்வெட்டி பட்டு வழவழப்பான பக்கச்சுவரைக் கீறிவிட வேண்டும், இல்லாவிட்டால் களிமண் பூசியதுபோல் தண்ணீர் உள்ளே இழுக்காது. அடியில் கொஞ்சம் ஜல்லி. முதல் நாளே தண்ணீர் ஊற்றி மண்ணை ஊறவைக்க வேண்டும். மறுநாள் குழியின் குறுக்கே ஒரு சட்டத்தை வைத்து, அதிலிருந்து நீர்மட்டம் வரை அரை மணிக்கொருமுறை அளந்தோம். 2.5 செ.மீ. இறங்க 38 நிமிடம். 60 நிமிடத்தைத் தாண்டினால் மறுத்துவிடுவார்கள். வேகமாக இறங்கினால் நல்லதுதானே என்று நினைத்திருந்தேன். இல்லை, ஒரேயடியாக இறங்கினாலும் தப்பு. கிருமி வடிகட்டப்படாமலே நிலத்தடி நீரில் போய்ச் சேரும்.

நடுவில் ஒரு வேடிக்கை. தொட்டியின் அளவை வீட்டில் எத்தனை பேர் என்று பார்த்துச் சொல்வதில்லை, படுக்கையறையை எண்ணித்தான் சொல்கிறார்கள். நாங்கள் மூன்று பேர், மூன்று அறை, சுமார் 3,800 லிட்டர் என்று போட்டிருந்தேன். பிளானில் 'படிக்கும் அறை' என்று எழுதியிருந்ததற்கும் சேர்த்து நான்கு என்று திருத்திவிட்டார்கள். கதவும் ஜன்னலும் இருந்தால் நாளைக்கு அங்கே யாராவது படுப்பார்களாம். தொட்டி 4,700 லிட்டர் ஆனது. கொஞ்ச நேரம் வாதாடிப் பார்த்தேன். அவர்கள் சொன்னதுதான் சரி, இப்போது அந்த அறையில் என் மாமியார் இருக்கிறார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோதுதான் வரைபடம் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. கிணற்றிலிருந்து தொட்டி 15 மீட்டர், வாய்க்கால் 30 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்ற விதி எனக்குத் தெரியும். இந்தத் தூரமெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். எங்களுக்குக் குழாய்த் தண்ணீர், மனையில் கிணறே கிடையாது. அதனால் விண்ணப்பத்தில் அதற்கான கட்டத்தில் 'பொருந்தாது' என்று எழுதிவிட்டுத் தாண்டிவிட்டேன். கேள்வி என் கிணற்றைப் பற்றி மட்டுமல்ல. பின்பக்க மதிலுக்கு அந்தப்புறம், செடி மறைவில், சிமென்ட் பலகை போட்டு மூடிய கிணறு ஒன்று இருந்தது. என் வாய்க்காலிலிருந்து 12 மீட்டர். சோதனை, குழி, வரைபடம் எல்லாம் வீண்.

மறுபடி வீட்டுக்கு முன்பக்கம் வெட்டினோம். நல்லவேளையாக அங்கே மண் இன்னும் தேவலை, 2.5 செ.மீ.க்கு 25 நிமிடம். ஆனால் கார் நிறுத்த வைத்திருந்த இடம் போனது. வாய்க்காலின் மேல் வண்டி ஏறினால் மண் இறுகிவிடும், மரம் வைத்தால் வேர் குழாயைத் தேடி வரும். அது போதாதென்று, ஒருநாள் இது அடைத்துக்கொண்டால் மாற்றிப் போட அதே அளவு இடம் காலியாகக் காட்ட வேண்டும். முன்வாசல் முழுக்க இப்போது புல்தான்.

கட்டும்போது மேஸ்திரியோடு ஒரே தகராறு. தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் முழுக்கக் கசிகிறதா என்று பார்த்து, குழாய்ச் சரிவையும் சரிபார்த்த பிறகுதான் மூடலாம். ஆய்வாளர் நான்கு நாள் தாமதம். "மழை வர்றதுக்குள்ள மூடிடலாங்க, யார் தோண்டிப் பாக்கப்போறா?" என்றார் மேஸ்திரி. மூடியிருந்தால் மறுபடி தோண்டியிருக்க வேண்டும். மூடாததால் மழையில் ஒரு பக்கம் சரிந்து, பாதி நாள் சேறு அள்ளினோம்.

ஆய்வு முடிந்த அன்று பின்வீட்டுப் பெரியவர் மதிலோரம் வந்து நின்றார். அவர் கிணற்றால்தான் எனக்கு இவ்வளவு அலைச்சல் என்று எப்படியோ தெரிந்திருந்தது. 15 மீட்டர், 30 மீட்டர் என்று கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் தன் கிணற்றைப் பார்த்தார், அப்புறம் தன் வீட்டுச் செப்டிக் டேங்க் மூடியைப் பார்த்தார்.

"அந்த டேப்பைக் கொஞ்சம் குடுங்க தம்பி" என்றார்.

நான் ஒரு முனையைப் பிடித்தேன். ஒன்பது மீட்டர் இருந்தது.